பழைய நாலா, புது ரெண்டா

விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கும் கடை வைத்திருந்தேன். கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான். புதுசாக வந்திருக்கும் சின்ன ப்ராசஸரை வாங்கலாமா, நாலு வருஷத்துக்கு முன்னால் வந்த நடுத்தர ப்ராசஸரை வாங்கலாமா? இதற்கு ஒரு வார்த்தையில் பதில் கிடையாது என்பதால் நான் அரைமணி நேரம் பதில் சொல்வேன். கேட்டவர் பாதியிலேயே பக்கத்துக் கடைக்கு மிக்ஸி வாங்கப் போய்விடுவார்.

அந்தப் பழைய நடுத்தரத்தில் ஒன்று என் கடை அலமாரியிலேயே இருந்தது. நாலு கோர், அதாவது ஒரே சில்லுக்குள் வேலை செய்ய நாலு மூளை. வந்த புதிதில் அதன் பெயரைச் சொன்னாலே மரியாதை. ஆசைப்பட்டு ஒன்று வரவழைத்தேன், விற்கவில்லை. வருகிறவர்கள் டப்பாவைத் திருப்பிப் பார்ப்பார்கள், நல்லாதான் இருக்குது என்பார்கள், வேறொன்றை வாங்கிக்கொண்டு போவார்கள். இந்த விஷயத்தில் எனக்கும் அதற்கும் நல்ல புரிதல் இருந்தது. எனக்கு அப்போது வயது முப்பத்து நாலு. என்னையும் அதுவரை ஆறு வீட்டில் திருப்பிப் பார்த்திருந்தார்கள்.

ஏழாவது வீட்டை மாமா கொண்டுவந்தார். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர், ரயில்வேயில் வேலை. அவர்கள் வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன். பெண் வீடு திண்டிவனம். பெண்ணின் அப்பா பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே டைப்பிங், டிடிபி சென்டர் வைத்திருந்தார். பெண்ணும் படிப்பை முடித்துவிட்டு அங்கேயே வேலை பார்த்தார். எங்களைப் போல அவர்களும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம். எல்லாம் பொருந்தியது, என் வயதைத் தவிர. அதையும் மாமா முப்பத்தொன்று என்று சொல்லிப் பொருத்திவிட்டார்.

"நீ வாயத் தொறக்காத மாப்ள," என்றார். "வயச நான் பாத்துக்கறேன். அவருக்கு ஒரு மெஷின் வாங்கணுமாம். எதுன்னு கொழப்பத்துல கீறாரு. நீ போயி ரெண்டையும் ஓட்டிக் காட்டு. பொண்ணு பாத்தாப்புலயும் ஆச்சி, வேல தெரிஞ்ச பையன்னு அவருக்கும் தெரிஞ்சாப்புல ஆச்சி."

பெண்ணுக்கு இன்னொரு இடமும் வந்திருந்தது. இருபத்தேழு வயது, தனியார் நிறுவனம் ஒன்றில் சின்ன வேலை, எங்கள் விழுப்புரம் பங்குக் கோயில் பையன்தான். ஞாயிறு பூசையில் கீபோர்டு வாசிப்பான். இதை மாமா பஸ் டிக்கெட் எடுத்த பிறகுதான் சொன்னார்.

ஆக, சவரம் செய்துகொண்டு, ஒரு பையில் என் அலமாரிப் பழசையும், அட்டைப்பெட்டியில் ரெண்டே கோர் உள்ள புது ப்ராசஸர் போட்டு அசெம்பிள் செய்த மெஷினையும் தூக்கிக்கொண்டு பெண் பார்க்கப் போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மாமா பழமும் ஸ்வீட்டும் தூக்கிக்கொண்டார்.

திண்டிவனத்தில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, கொடுத்தார்கள். நான் அதைத் தொடவில்லை. கையில் ப்ராசஸர் சூடு தணியத் தடவும் தெர்மல் பேஸ்ட். அவர்களுடைய மெஷினில் இருந்த போர்டில் என் பழைய நாலு கோர் அப்படியே உட்காரும். உட்கார வைத்தேன். புது மெஷினைப் பக்கத்தில் வைத்தேன். ஏதாவது வேலை கொடுங்கள் என்றதும், படங்கள் நிறைந்த ஒரு திருவிழா அழைப்பிதழைப் பெண் இரண்டிலும் திறந்து வைத்தார். அச்சுக்குப் போகும் ஃபைலாக அதை மாற்ற வேண்டும். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அது வணக்கமா, ஆரம்பிக்கலாம் என்பதா என்று எனக்கு விளங்கவில்லை. ஆரம்பித்தேன்.

பெண்ணின் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பத்திரம் டைப் செய்து பழகியவர். எதையும் நாலு எல்லையும் சேர்த்துத்தான் விசாரிப்பார்.

"இது எந்த வருஷத்து சரக்கு தம்பி?"

"நாலு வருஷம் ஆச்சிங்க சார். ஆனா யாரும் யூஸ் பண்ணல."

"ஏன் யூஸ் பண்ணல?"

"சந்தர்ப்பம் அமையலீங்க."

மாமா இருமினார். "நல்ல ஸ்ட்ராங்கான அயிட்டம்ங்க. அந்தக் காலத்து உழைப்பு," என்று சேர்த்துக்கொண்டார். யாரைச் சொல்கிறார் என்று எனக்கே சந்தேகம் வந்தது.

இதற்குள் நாலு பேர் வேலை செய்கிறார்கள் என்று சொல்லி, கோருக்கு ஒரு கட்டமாக அதைக் காட்டும் கிராஃபைத் திரையில் திறந்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நாலு கட்டங்களில் ஒன்றில் மட்டும் கோடு உச்சிவரை ஏறி நின்றது. மற்ற மூன்று கட்டங்களிலும் கோடு தரையோடு படுத்திருந்தது.

"நாலு பேருன்னீங்களே. மத்த மூணு பேரு என்ன பண்றாங்க?"

"ரெடியா நிக்கிறாங்க சார்."

"எதுக்கு?"

பெண்தான் சொன்னார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நம்ம சாஃப்ட்வேர் பழசுப்பா. அதுக்கு ஒரு கோர் கிட்டதான் வேல வாங்கத் தெரியும். நாலு இருந்தாலும் ஒண்ணுதான் ஓடும்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "அந்த ஒண்ணு, புதுசுல இருக்கற ஒண்ணோட ஸ்லோதானே?"

"ஸ்லோதாங்க," என்றேன். ஏழு வீட்டில் என்னிடம் சரியான கேள்வி கேட்ட ஒரே பெண் அவர்தான். அந்த நிமிஷத்தில்தான் இந்தக் கல்யாணம் நடக்கவேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை வந்தது. அதுவரை நான் மாமாவுக்காக வந்திருந்தேன்.

புதுசு முதலில் முடித்தது. பழசு மெதுவாகப் பின்னால் வந்து சேர்ந்தது. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று நான் சொல்ல வாயெடுத்தபோது கரண்ட் போய்விட்டது.

தினமும் கரண்ட் போய்க்கொண்டிருந்த வருஷங்கள் அவை. யாரும் அதற்காகத் தலையைக்கூடத் தூக்க மாட்டார்கள். இன்வெர்ட்டர் வேலையைப் பிடித்துக்கொண்டு உடனே கத்த ஆரம்பித்தது. இரண்டு மெஷினை அதனால் தாங்க முடியவில்லை. புதுசை நிறுத்தினேன். பழசு மட்டும் ஓடியது. இன்வெர்ட்டர் கத்தலை நிறுத்தவில்லை. பழசை நிறுத்திவிட்டுப் புதுசைப் போட்டேன். கத்தல் நின்றது. அறையில் அப்படி ஒரு அமைதி. வெளியே பத்திரக்காரர்கள் பேரம் பேசுவதுகூடக் கேட்டது.

பெண்ணின் அப்பா நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்தார்.

"தம்பி, வியாபாரத்த வுடுங்க. இது உங்க வூட்டுக் கடைன்னு நெனச்சிக்கினு சொல்லுங்க. எது?"

மாமாவின் செருப்பு என் கால்மேல் ஏறியது. எதைச் சொல்லச் சொல்லி மிதிக்கிறார் என்று தெரியவில்லை. பழசை வாங்கச் சொன்னால் இவர் என்னிடம் நாலு வருஷச் சரக்கை வாங்கிக்கொண்டு ஏமாந்தவர் ஆவார். புதுசை வாங்கச் சொன்னால், புதுசுதான் நல்லது என்று என் வாயாலேயே சொன்னவன் ஆவேன். எது சொன்னாலும் அது என்னைப் பற்றித்தான் போய் முடியும்போல இருந்தது. சும்மா இருக்கவும் வழியில்லை. பெண் வேறு பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு இந்த மெஷினில் உட்காரப்போவது அவர்.

என் எடையைப் பற்றிப் பொய் சொல்லியிருக்கிறேன். வயதைப் பற்றி மாமா சொன்ன பொய்க்குத் தலையாட்டிவிட்டுத்தான் வந்திருந்தேன். ப்ராசஸர் விஷயத்தில் மட்டும் எனக்குப் பொய் வருவதில்லை. இதில் பெருமை ஒன்றும் இல்லை, தோசை கருகினால் வாசனை வருகிற மாதிரி, உண்மை அது பாட்டுக்கு வந்துவிடுகிறது.

"புதுசுங்க சார்," என்றேன்.

"பழசுல கொற ஒண்ணும் இல்லியே?"

"கொற இல்லீங்க. பெரிய வேல குடுத்தா நல்லா செய்யும். வீடியோ கீடியோ பண்றவங்களுக்கு நாலும் சேந்து ஓடும். உங்க வேலைக்கு அது வேணாங்க. சூடாவும், ஃபேன் சத்தம் போடும், கரண்டு தின்னும். இது சின்னதுதான், ஆனா இப்பத்தி ஆளு. கம்மியா சாப்ட்டு ஜல்தியா முடிச்சிரும்."

சொல்லச் சொல்ல என் காதே என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் அரைமணி நேரம் பதில் சொல்கிறவன் அல்லவா. அடுத்து வரும் சாஃப்ட்வேரும் புதுசுக்குத்தான் ஒத்துவரும், பழசுக்கு இனி போர்டு கிடைக்காது, கெட்டுப்போனால் மாற்று இல்லை என்று எல்லாம் விளக்கினேன். மாமா மல்லாட்டை உரிப்பதை நிறுத்திவிட்டார்.

பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த மாரி நேர்மையா சொல்ற ஆளு இப்பல்லாம் இல்ல தம்பி," என்றார். அந்தக் குரலைக் கேட்டு எனக்கு நம்பிக்கையே வந்துவிட்டது.

புதுசை அங்கேயே விட்டுவிட்டு, விழுப்புரம் பஸ்ஸில் பழசைப் பையோடு மடியில் வைத்துக்கொண்டேன். மயிலம் தாண்டியதும் மாமா சொன்னார். "மாப்ள, நான் இத்தினி வருஷமா எத்தினியோ பேருக்கு வரன் பாத்துட்டேன். பொண்ணு வூட்டுல போயி, எதிர்ப்பார்ட்டிக்கு சிபாரிசு பண்ணிட்டு வந்த ஆள இன்னிக்கிதான் பாக்கறேன்."

"ப்ராசஸரத்தானே மாமா சொன்னேன்?"

"நீ ப்ராசஸரதான் சொன்ன. அவுரு எத கேட்டாரோ."

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. பெண்ணின் அப்பாதான். மெஷின் பிரமாதமாக ஓடுகிறது என்றார். இன்வெர்ட்டர் இப்போது வாயே திறப்பதில்லை என்றார். பாப்பா தினமும் உங்களைத்தான் சொல்கிறாள் என்றார். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அப்பறம் தம்பி, பாப்பாவுக்கு முடிச்சிட்டோம். உங்க பங்குப் பையன்தான். கீபோர்டு வாசிப்பாரே, தெரியும் இல்ல?"

"தெரியுங்க. நல்ல பையன்," என்றேன். அவனுக்கும் யாரும் கேட்காமலேயே சிபாரிசு செய்தேன். கெட்ட பழக்கம் கிடையாது என்பதுவரை சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தேன்.

எங்களில் ஒரு கல்யாணம் என்றால் அதற்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன், இன்னார் மகள், இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும். மாப்பிள்ளை எங்கள் பங்கு என்பதால் எங்கள் கோயிலிலும் வாசித்தார்கள். முதல் ஞாயிறு காலைப் பூசையில் மாட்டினேன். மாமா குனிந்து செருப்பைத் தேடுகிற மாதிரி சிரித்தார். இரண்டாம் ஞாயிறு தப்பிக்கலாம் என்று மாலைப் பூசைக்குப் போனேன். அங்கேயும் வாசித்தார்கள்.

மூன்றாம் ஞாயிறு வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். முதல் பூசைக்குப் போய்வந்திருந்த அக்கா கஞ்சி கொண்டுவந்தாள். இரண்டாம் பூசை நடந்துகொண்டிருந்தது. கோயில் எங்களுக்கு அடுத்த தெரு. ஒலிபெருக்கி மாடி ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. மணமகன் பெயர் வந்தது. மணமகள் பெயர் வந்தது. தடை ஏதும் அறிந்தவர்கள், என்று ஃபாதர் சொல்லிவிட்டு மூச்சு விட்டார்.

எனக்குத் தெரிந்து ஒரு தடையும் இல்லை. இருந்த ஒரே தடையை நானே பையில் போட்டுத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

"வயித்து வலின்ன," என்றாள் அக்கா, கஞ்சியைக் கீழே வைத்தபடி. "எதுக்கு இப்ப எழுந்து ஒக்காந்துக்கினு கீற?"