பைப் ரென்ச்சும் பக்கத்து வீடும்

எங்கள் தெருவில் இரும்புக்கு ஆயுள் குறைவு. வைத்திக்குப்பம் கடற்கரை இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. உப்புக்காற்று கேட்டுக் கீல், ஜன்னல் கம்பி, குழாய் மரை என்று எதையும் விட்டுவைக்காது. புதிதாக மாட்டிய தாழ்ப்பாள் அடுத்த மழைக்குள் பிடித்துக்கொள்ளும். மற்றவர்கள் இந்தக் காற்றைத் திட்டித் தீர்ப்பார்கள். நான் திட்டியதில்லை. அதன் புண்ணியத்தில்தான் என் வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்தவள் நான். ஸ்பேனர், சுத்தியல், கட்டிங் பிளேயர் எல்லாம் என் ஜன்னல் வழியாகத்தான் போகும், வரும். டோக்கனைக் கொடுத்து வாங்கிப் போவார்கள். வேலை முடிந்ததும் சாமானைத் தந்து டோக்கனை வாங்கிக்கொள்வார்கள். எல்லோருக்கும் நான் ‘ஸ்டோர் அக்கா’. அதட்டலாகக் கேட்பவர்களுக்கு அன்றைக்கு எந்தச் சாமானும் ஸ்டாக் இருக்காது. தீபாவளி போனஸில் மற்றப் பெண்கள் பட்டுப்புடவை எடுப்பார்கள், நான் எனக்கென்று ஒரு ஸ்பேனர் செட் வாங்குவேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டுத் துளைத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போது அந்தக் கேள்வியைக் கேட்கவும் ஆளில்லை.

ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க ஆரம்பித்தபோது, கட்டிலுக்கு அடியிலிருந்த என் இரும்புப் பெட்டிதான் எனக்குச் சொந்தபந்தம் ஆனது. தெருவில் யார் வீட்டில் எது இறுகினாலும் என் கதவைத் தட்டினார்கள். படகு மோட்டாருக்கு ஸ்பேனர் கேட்டுக் குப்பத்திலிருந்து வருவார்கள். திருப்பித் தரும்போது ஒரு கை நெத்திலியும் கூட வரும். இரவல் வாங்கியதை வெறுங்கையோடு திருப்பித் தருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை.

கொடுப்பதற்கும் முறை உண்டு. இரும்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள், அதனால் வாசல்படியில் வைப்பேன், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். விளக்கு வைத்த பிறகு கொடுக்கக் கூடாது. இதையெல்லாம் நான் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் கறாராகக் கடைப்பிடித்தேன். சாயங்காலம் வந்து கேட்பவரிடம், “வெளக்கு வச்சாச்சு, காலைல வாங்க” என்பேன். காலையில் வருவார். வேலை முடிந்து திருப்பித் தர இன்னொரு முறை வருவார். ஆக, ஒரு சாமானுக்கு மூன்று தடவை என் வீட்டில் மனிதக் குரல் கேட்கும். வட்டிக்கு விடுபவர்கள்கூட இவ்வளவு கணக்குப் போட மாட்டார்கள்.

எதிர்வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். என் பெரிய பைப் ரென்ச்சின் மேல் அவருக்கு ஒரு கண். வேலை இருக்கிறதோ இல்லையோ, மாதம் ஒருமுறை வந்து வாங்கிப் போவார். திருப்பித் தரும்போது அக்குளில் ஒரு நீள ரொட்டி இருக்கும். “மெர்சி, மதாம்” என்பார். “கல்யாணமே ஆவல, நான் எப்படி மதாம் ஆவேன்?” என்பேன். “அப்போ மத்மொசேல்!” என்று தலைதாழ்த்துவார். மாதாமாதம் இதே பேச்சுதான். இருவருக்கும் அலுக்கவில்லை. பிறகு அவரை மகள் பிரான்சுக்கு அழைத்துக்கொண்டாள். அங்கேயே இறந்தார்.

அந்த ரென்ச் அடித்துச் செய்த இரும்பு. கைப்பிடியில் கம்பெனியின் பெயர் மேடாக நிற்கும். பேரைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை, அதனால் எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. தூக்கினால் கை சற்று இறங்கும். குழாயைக் கவ்வினால் குழாய் திரும்பும், அல்லது சுவர் பெயரும், ரென்ச் அசையாது. தெருவே அதைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறது. சுத்தியலாக வைத்து ஆணி அடித்தவர்கள் உண்டு. அதற்கு ஒன்றும் ஆனதில்லை. பின்வீட்டுக்குக் குடிவந்த ஒருவர் அதை இரவல் வாங்கி வைத்திருந்து, சென்னைக்கு வீடு மாற்றிப்போகும்போது மூட்டை முடிச்சோடு கட்டிக்கொண்டு போய்விட்டார். போன் செய்தேன். “கூரியர்ல போட்டுடுறேங்க்கா” என்றார். இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் அதே கம்பெனி, அதே அளவு ரென்ச் கேட்டேன். கடைக்காரர் அட்டைப்பெட்டியோடு எடுத்து வைத்தார். பெயர் அதேதான், அதே எழுத்து. ஆனால் மேடாக இல்லை, ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. தூக்கிப் பார்த்தேன், கை இறங்கவில்லை. பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் வேறொரு நாட்டின் பெயர் இருந்தது.

“இது என்னங்க, வெளிநாட்டுல செஞ்சதுன்னு போட்டிருக்கு?”

“இப்ப எல்லாமே அப்படித்தாம்மா. பேரு மட்டும்தான் இவங்களுது. செய்றதெல்லாம் அங்க.”

“சரக்கு எப்படி?”

“போவுது” என்றார். விற்கிறது என்று அர்த்தம்.

ஸ்டோரில் நாங்கள் செய்வதுபோல் ஒரு ஸ்பேனரால் தட்டிப் பார்த்தேன். கணீரென்று இல்லாமல் மொத்தையாக ஒரு சத்தம் வந்தது. திருகைச் சுற்றினால் வாய் இப்படியும் அப்படியும் ஆடியது. வாங்காமல் வந்திருக்கலாம். ஆனால் பைப் ரென்ச் இல்லாத வீடு என்று தெருவில் பெயர் வந்துவிட்டால் யார் வருவார்கள்? வாங்கி வந்து எண்ணெய் போட்டு வைத்தேன்.

யாரும் வரவில்லை. எனக்குப் புரிய நாளாயிற்று. வீட்டுக்கு வீடு போனில் ஆர்டர் போட்டு ஒரு பிளாஸ்டிக் பெட்டி வாங்கிவிட்டார்கள். திறந்தால் நகைப்பெட்டி மாதிரி பளபளவென்று குழியில் குழியில் சாமான் படுத்திருக்கும். விலை கொள்ளை மலிவு. ஸ்க்ரூ டிரைவர் நாலு திருகில் மழுங்கினால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். அதுவும் போனால் புதுப் பெட்டி வரும். இரவல் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. மட்டமான சாமானால் நஷ்டம் வாங்கியவனுக்குத்தான் என்று ஸ்டோரில் இருந்தவரை நினைத்திருந்தேன். எனக்கும்தான் என்று இப்போது தெரிந்தது. சில நாட்கள் பால் பாக்கெட் போடும் ஆளிடம் பேசுவது மட்டும்தான் பேச்சு. அவரும் வண்டியிலிருந்து இறங்குவதில்லை.

அப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த பையன். பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். மேட்டுப்பாளையத்தில் சூப்பர்வைசர் வேலை, மனைவி ஜவுளிக்கடையில்.

“ஆன்ட்டி, மோட்டார் பைப்பு கழட்டணும். பெரிய ரிஞ்சு ஒங்ககிட்ட இருக்குதுன்னு சொன்னாங்க.”

சொன்னாங்க என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது எனக்கு. தெருவில் யாரோ இன்னும் என்னைப் பற்றிச் சொல்கிறார்கள். அவனை உட்காரவைத்து, வேண்டாம் என்றவனுக்குக் காபி கொடுத்து, மேட்டுப்பாளையத்தில் எந்தக் கம்பெனி இருக்கிறது, எது மூடிவிட்டது என்றெல்லாம் கேட்டு, பிறகுதான் ரென்ச்சைக் கொண்டுவந்து படியில் வைத்தேன். அவனுக்கு அந்த முறை தெரிந்திருந்தது. குனிந்து எடுத்துக்கொண்டான். அன்றைக்கு எனக்குச் சமையல்கூட உற்சாகமாக இருந்தது.

சற்று நேரத்தில் திரும்பி வந்தான். உடம்பெல்லாம் தண்ணீர், கை மணிக்கட்டில் சிராய்ப்பு. இரண்டு உள்ளங்கையிலும் என் ரென்ச் இரண்டு துண்டாக இருந்தது.

“ஒடச்சிட்டேன் ஆன்ட்டி. ஒரு அழுத்துதான் அழுத்தினேன், சத்தியமா.”

உடைந்த வாயை வாங்கிப் பார்த்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் நொறநொறவென்று இருந்தது, நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை. அச்சில் ஊற்றி அவசரமாக எடுத்த வார்ப்பு. அதைக் காட்டினேன்.

“நீ ஒடைக்கலப்பா. இது ஒடஞ்சேதான் கடைக்கு வந்திருக்கு. பாரு இந்த ஓட்டைய.”

அவன் பார்த்தான், தலையாட்டினான். ஆனால் என் பேச்சை அவன் நம்பவில்லை என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது. வயதானவள் பெரிய மனசு பண்ணி மன்னிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டான். பழைய ரென்ச்சாக இருந்திருந்தால் அவனே ஒடிந்திருப்பான், அது ஒடிந்திருக்காது.

இரண்டொரு நாள் கழித்து மார்க்கெட்டிலிருந்து திரும்பியபோது என் கேட்டில் ஒரு பை தொங்கியது. உள்ளே புது பைப் ரென்ச். அதே கம்பெனி, அதே அட்டைப்பெட்டி, அடியில் அதே நாட்டின் பெயர். எனக்குச் சிரிப்புதான் வந்தது. பக்கத்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். மனைவிதான் இருந்தாள்.

“அவரு ஒத்துக்க மாட்டாரு ஆன்ட்டி. அவங்க ஊர்ல மம்பட்டி இரவல் வாங்கி ஒடச்சா புதுசு வாங்கி வச்சுட்டுத்தான் மறுவேல பாப்பாங்களாம். ரெண்டு நாளா மூஞ்சே சரியில்ல. தயவுசெஞ்சு வச்சுக்குங்க.”

நல்ல வளர்ப்பு. அந்த வளர்ப்பை நான் அன்றைக்கு மனதாரச் சபித்தேன். அதன்பிறகு என்னைத் தெருவில் கண்டால் அவன் ஹெல்மெட்டை அவசரமாக மாட்டிக்கொள்வான். அவர்கள் வீட்டில் மறுபடி குழாய் இறுகியபோது போன் செய்து பிளம்பரை வரவழைத்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, பிளம்பர் சாமானை உருட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கம்பெனிக்காரனுக்கு ஒரு வார்ப்பில் கொஞ்சம் மிச்சம். எனக்குப் போனது ஒரு பக்கத்து வீடு. கோபத்தில் அந்தப் புது ரென்ச்சைப் பெட்டியைவிட்டு வெளியே எடுக்கவே இல்லை.

இதை இப்படியே விடக் கூடாது என்று தோன்றியது. அவன் என்னிடம் வரக் கூசினால், நான் அவனிடம் போகலாமே. இத்தனை வருடம் கொடுத்துத்தான் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை. நல்லவேளையாக மூக்குக்கண்ணாடியின் காது ஆட ஆரம்பித்தது. அதன் திருகு எள் அளவு. என் இரும்புப் பெட்டியில் அத்தனை சின்ன ஸ்க்ரூ டிரைவர் கிடையாது. புடவை மாற்றிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு போனேன்.

அவன்தான் கதவைத் திறந்தான். முதலில் திடுக்கிட்டான். விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. ஓடிப்போய் ஆரஞ்சு நிறப் பெட்டியைக் கொண்டுவந்தான். மனைவி டிவி சத்தத்தைக் குறைத்தாள், நாற்காலி இழுத்துப் போட்டாள். பொடிப்பொடியாக இருந்த ஸ்க்ரூ டிரைவர்களில் ஒன்றைத் தேடி எடுத்து, என் கையிலேயே கொடுத்தான். பழைய சங்கடம் அவன் முகத்தில் துளியும் இல்லை. எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

“நாளைக்கு சாயங்காலம் கொண்டாந்து குடுத்துடுறேன்ப்பா” என்றேன்.

“அய்யோ, எதுக்கு ஆன்ட்டி? நீங்களே வச்சுக்குங்க.”

“இல்லப்பா, இரவலா வாங்கினத...”

“இதுல என்ன ஆன்ட்டி இருக்கு? பெட்டியில இன்னும் நெறைய கெடக்குது. போச்சுன்னா வேற வாங்கிக்கலாம். இதுக்காக நீங்க எறங்கி ஏறி வராதீங்க.”

மனைவியும் “ஆமா ஆன்ட்டி, சிரமப்படாதீங்க” என்றாள். இருவரும் அவ்வளவு அன்பாகச் சிரித்தார்கள். வாசல்வரை வந்து, பார்த்துப் போகச் சொல்லி, கதவை மெதுவாகத்தான் சாத்தினார்கள்.

வெறுங்கையோடு திருப்பித் தரக் கூடாதே என்று, கேட்கப் போவதற்கு முன்பே வீட்டில் கொண்டைக்கடலை ஊறப்போட்டிருந்தேன். மூன்று பேருக்குக் காணும் அளவு. மறுநாள் சாயங்காலம் தாளித்து, தேங்காய் போட்டு, நானே தின்றேன்.