எல்லாருக்கும் ஒரே கவர்

மர்பி டவுன் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனை முடிவு சொல்லும் அறையிலிருந்து வருகிற எல்லார் கையிலும் ஒரு பழுப்புக் கவர் இருக்கும். நோய் இருப்பவர், இல்லாதவர் என்ற பேதமே கிடையாது. அங்கிருந்த சிஸ்டரின் ஏற்பாடு அது. கவர் தீர்ந்துபோனால் அறையைத் திறக்கவே மாட்டார். டாக்டர் கத்தினாலும் நிதானமாகக் காபி குடித்துக்கொண்டிருப்பார். இதென்ன பிடிவாதம் என்று நானும் ஒருநாள் முணுமுணுத்திருக்கிறேன்.

அப்போது எனக்கு நான்கு மாதம். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் பரிசோதனையில் எனக்குப் பால்வினை நோய் இருப்பது தெரிந்தது. கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாதவள் நான். வெளியே பெஞ்சில் மாமியார். அவருக்குத் தெரிந்தால் பழி என் தலையில்தான் விழும், அன்றே வீட்டை விட்டுத் துரத்திவிடுவார் என்று அழுதேன்.

"ஏம்மா அழறே? வாரம் ஒண்ணா மூணு ஊசி. கொழந்தையையும் காப்பாத்திடலாம். ஆனா உன் வீட்டுக்காரரும் வந்து போட்டுக்கணும், ஆய்த்தா, சரியா? நான் எல்லார் வீட்டுக்காரரையும்தான் கூப்பிடறேன், உன் வீட்டுக்காரரை மட்டும் இல்ல" என்றார் சிஸ்டர். முதல் ஊசியை அங்கேயே போட்டார்.

வெளியே வந்ததும் மாமியார் கவரைப் பிடுங்கிப் பிரித்தார். உள்ளே சத்து மாத்திரையும், கணவரை அழைத்துவரச் சொல்லும் சீட்டும். பக்கத்துப் பெண்ணின் கவரையும் அவர் விடவில்லை. அதிலும் அவையேதான். "எல்லாருக்கும் இதான் குடுக்கறாங்களா!" என்று சலித்துக்கொண்டார். அந்தச் சலிப்பில்தான் நான் பிழைத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கணவர் போனார். சிஸ்டர் அவரிடம் என்ன பேசினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தவர், கல்யாணமான பிறகு முதல்முறையாகப் பாத்திரம் தேய்த்தார். என் ஆத்திரம் ஆறப் பல வருடங்கள் பிடித்தன. மகன் ஒரு குறையுமில்லாமல் பிறந்தான். அவனைக் காட்டப் போனபோது சிஸ்டர் தூக்கிப் பார்த்து, "யப்பா, என்னா கனம்!" என்று சிரித்தார். அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மாமியார் பக்கத்தில் நின்றதால் சும்மா இருந்துவிட்டேன்.

போன வாரம் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த மகனின் மனைவிக்கு இப்போது நான்கு மாதம். சிஸ்டர் ஓய்வுபெற்று எத்தனையோ வருடங்கள் ஆகின்றன. எல்லாருக்கும் எதற்குக் கவர் என்று புதிய நர்ஸிடம் கேட்டேன். "தெரியலம்மா, இங்க எப்பவும் அப்படித்தான்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மருமகள் கவரோடு வெளியே வந்தாள். என் கை தானாக அதை நோக்கி நீண்டது. பாதியில் நிறுத்தி, அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டேன்.

"பசிக்குதா? வா, இட்லி சாப்பிடலாம்" என்றேன்.

கவரைப் பிரிக்காமலே அவள் தன் பையில் வைத்துக்கொண்டாள்.