முருங்கையடியிலை புதைச்ச நண்டு விளையாட்டு

யாழ்ப்பாணத்துக் குருநகரிலை மக்டலீன் வாய் திறந்தால் கடற்கரை வரைக்கும் கேக்கும். தையல் மிசினை மிதிச்சபடியே தெருவிலை போற பாண்காரனைக் குரலாலை பிடிச்சு நிப்பாட்டுற பொம்பிளை. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலமை அவ போட்ட சத்தம் வேறை சத்தம்.

"குண்டு! என்ரை மாதாவே, குண்டு! எல்லாரும் ஓடுங்கோ!"

தைச்சுக்கொண்டிருந்த பள்ளிக்கூடச் சட்டையை எறிஞ்சுபோட்டு, காலிலை செருப்பும் இல்லாமல் தெரு ஒழுங்கைக்கு ஓடி வந்தா. பின்னாலை அவவின்ரை மனுசன் செபநாயகம், அவருக்குப் பின்னாலை மண்வெட்டியும் கையுமாய்க் கூலிக்கு வந்த சுபாஸ். ஓடேக்கையும் மண்வெட்டியை விடாத ஆள் அவன்.

நடந்தது இதுதான். பின்வளவிலை புதுக் கக்கூசுக்குக் குழி வெட்டினவை. இடுப்பளவு ஆழம் போக, உக்கிப்போன பெரிய மரவேர் ஒண்டு தடக்கிச்சு. சுபாஸ் அலவாங்குக் கம்பியாலை கிண்ட, 'டொக்' எண்டொரு சத்தம். நீலப் பிளாஸ்ரிக் பரல் ஒண்டு. மூடியைச் சுத்தித் தார் பூசி, சைக்கிள் ரியூப்பாலை வரிஞ்சு கட்டிக் கிடந்தது. அலவாங்கு பட்ட இடம் பிளந்து, பிளவுக்குள்ளாலை மண் அப்பின ஒரு கறுத்தத் தடி எட்டிப் பார்த்தது. தடியின்ரை அடியிலை உள்ளங்கை அளவுப் பெட்டி. பெட்டியின்ரை மூலையிலை சிவப்புப் பொத்தான். அதிலையிருந்து ஒரு வயர் பரலுக்குள்ளை போகுது.

வேறை ஊர்ச் சனம் எண்டால் என்ன சாமான் எண்டு தூக்கிப் பார்த்திருப்பினம். எங்கடை சனமோ? மண்ணுக்கை வயர், வயரின்ரை தலைப்பிலை சிவப்புப் பொத்தான். உதுக்கு எங்களுக்கு ஒரேயொரு கருத்துத்தான். மக்டலீன் ஒருக்கால் எட்டிப் பார்த்தா, ஓட வெளிக்கிட்டா. ஒழுங்கை முகப்புக்கு வந்து, மூச்சு வாங்க வாங்க, பொலிசுக்குப் போன் எடுத்ததும் அவதான்.

பொலிஸ் வந்து மஞ்சள் நாடா கட்டி, அயல்வீட்டுச் சனத்தையெல்லாம் எழுப்பி, யாகப்பர் கோயில் பக்கம் அனுப்பிச்சு. குண்டு எடுக்கிற ஆக்கள் வருமட்டும் எல்லாரும் வெய்யிலுக்கை நிண்டவை. நிக்கேக்கை மக்டலீனின்ரை வாய் சும்மா இருக்குமே?

"அந்த அறுவான் தான்! எங்கடை வளவு மண்ணுக்கை உதைத் தாட்டது வேறை ஆர்? அம்மான்ரை தாலிக்கொடியைக் களவெடுத்தது காணாதெண்டு, குண்டையும் வைச்சிட்டுப் போயிருக்கிறான்!"

'அந்த அறுவான்' எண்டால் அவவின்ரை சொந்த அண்ணை, கனிசியஸ். இப்ப கனடாவிலை. அண்ணனும் தங்கச்சியும் கதைச்சு முப்பது வருசத்துக்குக் கிட்ட. ஏன் எண்டு சொல்லோணும், சொல்லாட்டி மிச்சம் விளங்காது.

எண்பத்துநாலாம் ஆண்டு கனிசியஸ் கப்பலிலை வேலை செய்து சிங்கப்பூராலை வரேக்கை, தங்கச்சிக்கு எண்டு கொண்டந்த சாமான் ஒரு அட்டாரி. முன்பக்கம் மரப்பலகை மாதிரி, மேலை இழுத்து விடுற சுவிச்சுகள், ரீவியிலை கொழுவி விளையாடுறது. மக்டலீனுக்கு அப்ப பத்து வயசு. ஊரிலை ரீவியே விரலிலை எண்ணலாம், இதிலை விளையாட்டுப் பெட்டி வேறை! பிள்ளையள் யன்னலிலை வௌவால் மாதிரித் தொங்கினவை.

கசெற் மாத்தி மாத்திப் போடோணும், ஒவ்வொரு கசெற்றும் ஒவ்வொரு விளையாட்டு. அதுகளின்ரை இங்கிலீசுப் பேர் ஒருத்தருக்கும் தெரியாது, தேவையும் படேல்லை. ஒண்டிலை மேலையிருந்து வரிசை வரிசையாய் உருவங்கள் இறங்கி வரும், கீழையிருந்து சுடோணும். வெளிநாட்டிலை அதை ஆகாயத்தாலை வந்த ஆக்கள் எண்டு சொல்லுவினமாம். குருநகர்ப் பிள்ளையளுக்கு அது நண்டு. காலும் கொடுக்குமாய்ப் பக்கவாட்டிலை நடக்கிறது நண்டில்லாமல் வேறை என்ன? இன்னொண்டிலை வாயைப் பிளந்துகொண்டு புள்ளி தின்னுற மஞ்சள் வாயன். அவனைத் துரத்துற பேயள் ரீவியிலை மினுங்கி மினுங்கி மறையும். பேய் எண்டால் அப்பிடித்தானே எண்டு பிள்ளையள் பயந்தவை. மற்றது முதலை. முதலை வாய் மூடேக்கை தலையிலை மிதிச்சுத் தாண்டோணும்.

பெட்டியோடை முதல் முதல் வந்த கசெற் டாங்கி. ரெண்டு டாங்கி, நடுவிலை மதில், ஒளிச்சு ஒளிச்சு அடிக்கிறது. அண்ணையும் தங்கச்சியும் அதிலை அடிபட்டு, பிறகு நிலத்திலை உருண்டும் அடிபடுவினம். எண்பத்தேழிலை உண்மையான டாங்கி ரோட்டிலை வந்த பிறகு, தாய் லூர்த்தம்மா அந்தக் கசெற்றை அலுமாரிக்கு மேலை எறிஞ்சுபோட்டா. "இந்த வீட்டிலை இனி டாங்கி வேண்டாம்" எண்டு சொன்னா. அதுக்குப் பிறகு வீட்டிலை நண்டு மட்டுந்தான். நண்டிலை மக்டலீனை வெல்ல ஊரிலை ஆளில்லை. சின்னக் கை வழுக்குதெண்டு, அவ பிடிச்சு ஆட்டுற விளையாட்டுத் தடியின்ரை கழுத்திலை கனிசியஸ் வலை பின்னுற நீல நூலைச் சுத்திக் குடுத்தவன். இண்டைக்கும் அவவின்ரை கை தையல் மிசினிலை ஓடுற ஓட்டத்தைப் பார்த்தால் அந்த நண்டு சுட்ட கை தெரியும்.

தொண்ணூறிலை சண்டையோடை லைற் நிண்டிது, விளையாட்டும் நிண்டிது. தொண்ணூத்தஞ்சு ஒக்டோபர் மாசக் கடைசியிலை ஆமி வருதெண்டு முழு யாழ்ப்பாணமும் ஊரை விட்டு எழும்பிச்சு. ரெண்டு நாளிலை திரும்பி வருவம் எண்டுதான் எல்லாரும் நினைச்சவை. வழியிலை பறிகுடுக்கக் கூடாதெண்டு லூர்த்தம்மா தன்ரை தாலிக்கொடியைக் கழட்டி மகனிட்டைக் குடுத்தா. கடலுக்குப் போய்த் திரும்பாத புருசன் கட்டின கொடி, புறாப் பதிச்ச தாலி. அந்த மனுசனின்ரை நினைவுக்கெண்டு வேறை ஒண்டும் இல்லை.

சாவகச்சேரியிலை ஒரு பள்ளிக்கூடத்திலை போய் இருந்த பிறகுதான் கனிசியஸ் சொன்னவன். "பயப்பிடாதேங்கோ அம்மா. அட்டாரியின்ரை திருகாணியைக் கழட்டி, கொடியை உள்ளுக்கை வைச்சுத் திரும்பப் பூட்டி, பரலிலை போட்டு முருங்கையடியிலை தாட்டிருக்கிறன். வள்ளத்துக்குப் பூசுற தார் பூசினனான். நூறு வருசம் கிடந்தாலும் தண்ணி போகாது."

பிறகு அவன் வன்னிக்குப் போய், அங்காலை கொழும்பு, அங்காலை கனடா. தாயும் மகளும் அடுத்த வருசம் குருநகருக்குத் திரும்பினவை. வேலி இல்லை, கூரை இல்லை, மரங்கள் தறிபட்டு, எது எங்கை நிண்டதெண்டே அடையாளம் தெரியாமல் போச்சு. ஒரேயொரு முருங்கை மட்டும் பச்சைப் பசேலெண்டு நிண்டது. அதின்ரை அடியை மக்டலீன் கிண்டினா, பிறகு சுத்திவரக் கிண்டினா, பிறகு அந்த முருங்கையையே பிடுங்கிப் போட்டுக் கிண்டினா. மண்ணைத் தவிர ஒண்டும் இல்லை. அந்த மாசமே கனடாவாலை கடிதம் வந்திது, சுகமாய் வந்து சேர்ந்திட்டன் எண்டு. கொடியை வித்து, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்குக் குடுத்திட்டான் எண்டு தாயும் மகளும் முடிவு கட்டிச்சினம். யாகப்பர் மேலை சத்தியம் பண்ணி எழுதினான். நம்பேல்லை. லூர்த்தம்மா சாகக் கிடக்கேக்கை அவன் போன் எடுத்தவன். காதடியிலை போனை வைக்க, மனுசி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினா. "கள்ளனோடை எனக்குக் கதை இல்லை." வெறுங்கழுத்தோடைதான் சவப்பெட்டியிலை வைச்சவை.

இனி ஒழுங்கை முகப்புக்கு வருவம். மத்தியானத்துக்குப் பிறகு குண்டு எடுக்கிற ஆக்கள் வந்து, பார்த்து, நீதவானின்ரை உத்தரவும் எடுத்தாச்சு. பரலை அந்த இடத்திலையே வெடிக்க வைக்கிறதாம். தலைமை ஆள் ஒரு சிங்களப் பெடியன், நல்ல மரியாதை. மண்ணைத் தட்டிப்போட்டு எடுத்த படத்தைக் கைபோனிலை கொண்டந்து காட்டினான்.

"அம்மா, இந்த மாதிரி சாமான் முன்னாடி பாத்திருக்கீங்களா?"

மக்டலீன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தா. கறுத்தத் தடி. சிவப்புப் பொத்தான். தடியின்ரை கழுத்திலை, நீல நூல். ஒரு சுத்து, ரெண்டு சுத்து, கடைசியிலை வலைக்காரர் போடுற முடிச்சு.

அவவின்ரை வாய் திறந்தபடி கிடக்குது, சத்தம் வரேல்லை. மக்டலீனுக்குச் சத்தம் வராததை செபநாயகம் கலியாணம் கட்டின நாளிலையிருந்து கண்டதில்லை, அந்தாள் பயந்து போனார்.

"உது... உது என்ரை தடி" எண்டா. பிறகுதான் கத்தினா. "தம்பி, வெடிக்க வைக்காதேங்கோ! உது குண்டில்லை, விளையாட்டு! ரீவியிலை விளையாடுறது!"

"காலையிலே குண்டுன்னு போன் பண்ணினது நீங்கதானே?"

"நான்தான்! நான் ஒரு விசரி! கேளுங்கோ தம்பி, உள்ளுக்கை நண்டு இருக்கு, மஞ்சள் வாயன் இருக்கு, முதலை இருக்கு. அம்மான்ரை தாலிக்கொடி இருக்கு!"

அவன் செபநாயகத்தைப் பார்த்தான். மனுசிக்குப் பயத்திலை மூளை கலங்கிட்டுது எண்டு அந்தப் பார்வையே சொல்லிச்சு. அவனிலையும் பிழை சொல்ல ஏலாது. தார், ரியூப், வயர், பொத்தான், அதுக்கு மேலை நீதவானின்ரை உத்தரவு. மண்ணுக்கை கிடந்ததைத் திறந்து பார்க்கப் போய்க் கை பறிகுடுத்த ஆக்களை அவனுக்குத் தெரியும்.

மக்டலீன் நாடாவுக்குக் கீழாலை புகுந்து ஓடினா. அம்பது தாண்டின உடம்பு, என்ன ஓட்டம் ஓடினா எண்டு கேக்கிறியள்! ரெண்டு பொம்பிளைப் பொலிஸ் இழுத்துப் பிடிச்சிது. "அண்ணை பொய் சொல்லேல்லை! விடுங்கோடி, அவன் பொய் சொல்லேல்லை!" எண்டு அவ குழற, ஆரோ விசில் ஊதினான்.

நிலம் ஒருக்கால் உதறிச்சு. காகங்கள் எல்லாம் எழும்பிப் பறந்திது. பின்வளவுக்கு மேலை புகையும் மண்ணும் எழும்பி, பிறகு தகரக் கூரையிலை சடசடவெண்டு எதெதோ வந்து விழுந்திது.

புகை அடங்க எல்லாரும் போய்ப் பார்த்தவை. கறுத்தப் பிளாஸ்ரிக் துண்டுகள், மரப்பலகை மாதிரி ஒரு சிலாம்பு, பாதிக் கசெற். அதிலை ஒட்டின படத்திலை முக்கால்வாசி டாங்கி. அதையும் கனிசியஸ் அலுமாரிக்கு மேலையிருந்து எடுத்து வைச்சிருக்கிறான். குழியின்ரை கரையிலை அந்த உக்கின வேரைச் சுபாஸ் கிளறிப் பார்த்தான். "அக்கா, உது பழைய முருங்கை வேரெல்லோ?" எண்டான். அப்பதான் மக்டலீனுக்கு எல்லாம் விளங்கினது. திரும்பி வந்தவுடனை கிண்டின முருங்கை வேலிக்கு ஊண்டின கதியால் கம்பு. தழைச்சு மரமாய் நிண்டிருக்குது. வீட்டு முருங்கை எப்பவோ தறிபட்டுப் போச்சு. வேலிக்கதியாலை நம்பி, பெத்த பிள்ளையைக் கள்ளன் எண்டிருக்கினம்.

கிளுவை வேலி முள்ளிலை ஏதோ மினுங்கிச்சு. கொடி. மூண்டு துண்டு. தாலியிலை புறா வளைஞ்சு கருகிக் கிடந்தது. அந்தத் தலைமைப் பெடியன் தொப்பியைக் கழட்டினான். "மன்னிச்சுக்கங்க அம்மா" எண்டான்.

"எனக்கு அண்ணையோடை கதைக்கோணும்" எண்டா மக்டலீன். "ஆரிட்டை நம்பர் கேக்கிறது?"

செபநாயகம் தன்ரை போனை எடுத்து நம்பரை அழுத்தினார். அவ திகைச்சுப்போய்ப் பார்க்க, "ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் போன் எடுக்கிறவன். மக்டி எப்பிடி இருக்கிறாள் எண்டு கேட்டுட்டு வைச்சிடுவான்" எண்டார்.

"அலோ, மச்சான்?" எண்டு கனிசியஸின்ரை குரல். போனை மக்டலீன் வாங்கினா.

"அண்ணை, நான் மக்டி."

"ஆர், மக்டியோ?" எண்டு ரெண்டு தரம் கேட்டான்.

"பெட்டி கிடைச்சிட்டுது அண்ணை."

"முருங்கையடியிலைதானே?"

"ஓம் அண்ணை. முருங்கையடியிலைதான்."

பெரிசாய் ஒரு மூச்சு விட்ட சத்தம் கேட்டுது. பிறகு அவசரம் அவசரமாய்ச் சின்னப் பெடியன் மாதிரிக் கேட்டான். "தார் நிண்டு பிடிச்சதோ? தண்ணி உள்ளுக்குப் போகேல்லையே? அப்ப நண்டு இன்னும் வேலை செய்யுமடி!"

மக்டலீன் குந்தி இருந்து அழுதா. அழுதழுது எல்லாத்தையும் சொன்னா. "நானே கூப்பிட்டு நானே வெடிக்க வைச்சிட்டன் அண்ணை. நீ நூல் சுத்தித் தந்த தடி. என்ரை கையுக்குள்ளை கிடந்து வளர்ந்த தடி. அதைப் பார்த்து நான் குண்டெண்டு கத்திப்போட்டன்."

பிறகு, "கொடி?" எண்டான்.

"கையிலை வைச்சிருக்கிறன்."

"இனி அம்மாட்டை ஆரடி சொல்லுறது?"

மக்டலீன் எழும்பினா. போனை வைக்கேல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு கையிலை போனும் மற்றக் கையிலை கொடியுமாய் ஒழுங்கையாலை நடந்தா. பார்த்துக்கொண்டு நிண்ட சனம் வழி விட்டிது. நேரே சேமக்காலைக்குப் போய், லூர்த்தம்மாவின்ரை சீமெந்துக் கல்லறைக்கு முன்னாலை முழங்காலிலை நிண்டா. கொடியின்ரை மூண்டு துண்டையும் கல்லிலை வைச்சு, பக்கத்திலை போனைச் சத்தமாய்ப் போட்டு வைச்சா.

"கதை அண்ணை" எண்டா. "அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறா."