நட்சத்திரம் போட்ட ஏவலாள்

திருப்பதியில் ஓர் அகராதிக் கம்பெனியில் சொற்களுக்குப் பூர்வீகம் தேடும் வேலை எனக்கு. அன்று என் பங்குக்கு வந்த சொல் 'அம்பாக்டோஸ்'. ஐரோப்பாவின் கெல்டிக் மொழிகளுக்கெல்லாம் ஒரு தாய்மொழி இருந்திருக்கிறது. அதில் யாரும் ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. பேரன்களின் சாயலை வைத்துச் செத்தவர் முகத்தை வரைகிற மாதிரி, பின்னால் வந்த சொற்களை வைத்துப் பண்டிதர்கள் ஊகித்துக் கட்டிய அந்த மொழிச் சொல் இது. அதனால்தான் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுகிறார்கள்.

பொருள்: ஏவலாள். சுற்றிச் சுற்றி விரட்டப்படுகிறவன். அவன் வாரிசுகளைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. வேல்ஸ் மொழியில் உழவன் ஆனான், சரி. ஜெர்மன்காரர்களிடம் போய் அரசு அலுவலகமே ஆகிவிட்டான். லத்தீன், இத்தாலி, பிரெஞ்சு என்று வீடு மாறி, ஆங்கிலத்தில் அம்பாசிடராகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டான். அடேங்கப்பா, என்ன யோகம்!

என் நைனா சித்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் தினக்கூலி அட்டெண்டராக இருந்து ஓய்ந்தவர். அங்கே வேலை செய்தார் என்று ஒரு சர்டிபிகேட் கிடைத்தால்தான் பென்ஷனுக்கு மனுப் போட முடியும். மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். எந்தக் காலத்து வேலைக்காரனுக்கோ பரம்பரை கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம். இவருக்கு ஒரு காகிதம் இல்லை. மறுநாளே லீவு போட்டுவிட்டு அவரோடு போனேன்.

பஸ்ஸில் சொன்னேன். "ஏவலாளு பேர வெச்சுத்தான் நைனா, ஜெர்மனில ஆபீசுக்கே பேரு வந்துக்கீது."

"அந்த ஆளுக்கு இன்னா கெடச்சுது?"

"ஒண்ணும் இல்ல."

"அப்போ பேசாம வா. அங்க வந்து கோவத்தக் காட்டிக்கினு நிக்காத."

சூப்பரின்டெண்ட் மனுவைப் புரட்டக்கூட இல்லை. "இவரு இங்க வேல செஞ்சதுக்கு ரிகார்டு லேது" என்றார். அடுத்த மூச்சிலேயே, கதவோரம் நின்ற நைனாவைப் பார்த்துத் தெலுங்கில், "பெத்தாயனா, நாலு டீ பட்டுகுரா" என்றார், எத்தனையோ வருஷப் பழக்கத்தில்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "இப்போ டீ வாங்கினு வரச் சொன்னீங்களே, அதுக்கு மேல இன்னா சார் ரிகார்டு?" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தால் நைனாவைக் காணோம். அதற்குள் போய்விட்டிருந்தார், பாவி மனுஷன்.

டீயோடு வந்தார். மேஜைகளில் மூன்று வைத்தார். நான்காவதை என்னிடம் நீட்டினார். "குடிடா. சாரு கையெழுத்துப் போடுவாரு."

குடித்துத் தொலைத்தேன். அவர் போடவில்லை.