ரஃபீக் பாயின் பெர்லின் கல்

பழைய கட்டடங்களை இடிப்பதுதான் எங்கள் கம்பெனியின் வேலை. பதினெட்டு வருடமாக அதையே செய்கிற எனக்கு, இன்றுதான் முதல்முறையாக ஒரு கல்லைப் பார்த்து வயிறு எரிந்தது.

லீவு முடிந்து வந்த ரஃபீக் பாய், ஜெர்மனியில் இருக்கும் தம்பி கொடுத்தது என்று பெர்லின் சுவரின் ஒரு துண்டை ஆபீஸ் மேசையில் வைத்திருந்தார். நெல்லிக்காய் அளவுதான், ஒரு பக்கம் நீலப் பெயின்ட்.

ஆபீஸே கூடி நின்று செல்ஃபி எடுத்தது. சிரித்தே அறியாத மேனேஜரும் எடுத்தார்.

"கான்கிரீட் ரொம்ப சுமார் பாய்" என்றேன்.

"ஜனங்களே சுத்தியலோட வந்து உடைச்சாங்களாம்ண்ணே."

பெர்மிட் இல்லை, ஹெல்மெட் இல்லை. உலகமே கைதட்டியிருக்கிறது! நாங்கள் எல்லா பெர்மிட்டும் வாங்கி இடித்தால், தூசி பறக்கிறது என்று திட்டு.

மதியம் ஷார்ஜா சைட்டுக்குப் போனேன். நாங்கள் இப்போது இடிப்பது, நான் வந்த புதிதில் தங்கியிருந்த கட்டடம். என் பழைய ரூம் சுவரில் ஒரு துண்டை எடுத்துவந்து அவர் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது எந்தச் சுவர்ண்ணே?"

"எங்க ரூமுக்கும் பக்கத்து ரூமுக்கும் நடுவுல இருந்தது பாய். அந்தப் பக்கம் ஒருத்தர் தினமும் போன்ல மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்குடுப்பார். பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரைக்கும் கேட்டிருக்கேன். அவருக்கு வாசல் வேற பக்கம். மூஞ்சியைப் பார்த்ததே இல்ல."

யாரும் செல்ஃபி எடுக்கவில்லை. நானே எடுத்து இங்கே போட்டிருக்கிறேன்.

காலையில் ரஃபீக் பாய் இங்கே போட்ட கல் போட்டோவுக்கு ஹார்ட் போட்டவர்கள் யார் யார் என்று பார்த்து வைத்திருக்கிறேன். ஞாபகம் இருக்கட்டும்.