பூட்டிய வீட்டில் ஓடிய டிவி

தூசியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து சூடேறுகிற ஒரு வாடை அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் இருந்தது. திருச்சுழிப் பக்கத்துக் கிராமம். அப்பா லாரியில் 'லோடு' ஏற்றிப் போனால் திரும்ப வாரமாகும், அம்மா அருப்புக்கோட்டை நூல் மில்லுக்குப் போய்வந்தாள். வீட்டுக்குப் பின்னால் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருந்ததால், பள்ளி விடுமுறையில் என்னையும் தம்பியையும் உள்ளே விட்டு, வெளியே பூட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். டிவியை மட்டும் அமர்த்தக் கூடாது. "சத்தம் கேக்குற வரைக்கும் பிள்ளைக நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்று பக்கத்து வீட்டுப் பாக்கியம் அத்தையிடம் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த டிவியோ மத்தியானமானால் தானாக அணைந்துவிடும். உடனே அத்தை போட்டது போட்டபடி ஓடிவந்து ஜன்னலில் எட்டிப் பார்ப்பாள். எங்களைக் கண்டு மூச்சுவாங்கியபின், கம்பிக்கிடையே கொய்யாவோ அவித்த மொச்சையோ நீட்டிவிட்டுப் போவாள். சாயங்காலம் சேதி அம்மாவுக்குப் போகும், நாங்கள் எதையோ திருகிக் கெடுத்ததாக ஏச்சு விழும். ஒரு சாயங்காலம் டவுனிலிருந்து வந்த மெக்கானிக் முன்னால் அது அணையவே இல்லை. 'வோல்டேஜ் கம்மி' என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏச்சுக்குப் பயந்து நானே பார்க்கத் தொடங்கினேன். வேறு பிளக்கில் மாட்டியும் பயனில்லை. ஒருநாள் அணைந்ததும் பின்பக்கம் தொட்டால் சுட்டது. வெயில் ஏறிய சுவரை ஒட்டியிருந்த பெட்டியின் காற்றுத் துளைகளை அம்மா போர்த்திய பூத்துணி அடைத்திருந்தது. துணியை உருவி, பெட்டியை முன்னால் இழுத்து, இருந்த ஒரே டேபிள் ஃபேனை அதன் முதுகுக்குத் திருப்பினேன். பிறகு டிவி அணையவில்லை. நாங்கள் வேர்த்து வடிந்தோம், அத்தையும் வரவில்லை.

நாளெல்லாம் பெட்டிக்குள் யார் யாரோ பேசினார்கள், எங்களிடம் பேச ஆளில்லை. ஒரு மத்தியானம் தம்பி ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். நான் எழுந்துபோய் டிவியை அமர்த்தினேன்.

அத்தை ஓடிவந்தாள். "என்னத்தா, தானா நின்னுருச்சா?"

"இல்லத்தே. நாந்தேன் அமத்துனேன்."

வைவாள் என்று நினைத்தேன். அவள் எங்கள் நனைந்த சட்டைகளையும், டிவிக்குப் பின்னால் சுற்றிய ஃபேனையும் பார்த்தாள். அன்று அம்மா பஸ்ஸை விட்டு இறங்கும்போதே போய் மறித்து, "நாளையிலருந்து சாவிய எங்கிட்டக் குடுத்துட்டுப் போ. பிள்ளைக எங்கூட இருக்கட்டும். கெணத்துப் பக்கம் விடாமப் பாத்துக்கிறது எம் பொறுப்பு" என்றாள். அம்மா வெகுநேரம் யோசித்துவிட்டுத்தான் சம்மதித்தாள். மீதிக் கோடையை அத்தை வீட்டு முற்றத்தில் கழித்தோம்.

இப்போது காரியாபட்டியில் குடியிருக்கும் நான் எப்போதாவது அந்தத் தெருவுக்குப் போவதுண்டு. பெட்டியைப் பழைய சாமானுக்குப் போட்டாயிற்று. அத்தை போன மாசியில் இறந்துபோனாள். தெருவில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். என்னைப் பார்த்தால், யாரைத் தேடி வந்திருக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்கிறார்கள்.