முனுசாமி அண்ணன் இறக்கிய ஹேண்டில்

டமார்...

ஒரகடத்தில் நான் பார்த்த முதல் வேலையை நினைத்தால் இந்தச் சத்தம்தான் முதலில் வருகிறது. பிளாண்டில் ஒரு லைன் முழுவதற்கும் கரண்டை நிறுத்தும் மெயின் ஹேண்டில் இறங்கும் சத்தம். ஃபேன்கள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து நிற்கும். சூடான பிளாஸ்டிக் வாசனை மட்டும் போகாது.

அப்போது நான் இருந்தது எட்டுப் பேர் வேலை செய்த ஒரு ஷெட். கார்களுக்கு ஒயர் கட்டுகள் தயாரிக்கும் ஒரு பிளாண்டுக்கு டெஸ்ட் பெட்டிகள் செய்து கொடுப்போம். ஒயர் கட்டைச் சொருகினால் நல்லதற்குப் பச்சை எரியும், கெட்டதற்குச் சிவப்பு. ஒவ்வொரு ரிசல்ட்டும் உள்ளே ஒரு மெமரி சிப்பில் பதியும். கரண்ட் போனாலும் அழியாத சிப். எதை எங்கே எழுதுவது, எப்படித் தேடி எடுப்பது என்று அதற்கு ஃபைல் சிஸ்டம் எழுதியவன் நான். முதல் வேலை, முதல் புரோகிராம்... தலைக்கனத்துக்குக் குறைச்சல் இல்லை.

ஒருநாள் பிளாண்டிலிருந்து போன் வந்தது. முந்தின நாள் காலை ஷிஃப்டின் ரிசல்ட் ஒன்றுகூடப் பெட்டியில் இல்லை. டெஸ்ட் செய்யாமலேயே அத்தனையையும் பாஸ் என்று அனுப்பிவிட்டாள் என்று, அந்த டெஸ்ட் ஸ்டேஷனில் நின்ற செல்வியை சூப்பர்வைசர் வெளியே உட்கார வைத்திருந்தார்.

செல்வி தென்காசிப் பக்கம். சுங்குவார்சத்திரத்தில் ஆறு பேர் இருக்கும் ரூமில் தங்கியிருந்தாள். காண்ட்ராக்ட். சூப்பர்வைசர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாள் கேட்டில் அவள் கார்டு வேலை செய்யாது.

நான் போய்ப் பார்த்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் ரிப்போர்ட் எழுதினேன். "ஆபரேட்டர் பெட்டியை முறைப்படி நிறுத்தவில்லை." ஷிஃப்ட் முடிந்ததும் ஸ்டாப் பட்டனை அழுத்தி, நீல விளக்கு எரியும்வரை காத்திருக்க வேண்டும் என்று மேனுவலில் எழுதியிருந்தேன். எழுதியதோடு என் கடமை முடிந்தது.

வெளியே வந்ததும் செல்வி எழுந்து நின்றாள்.

"என்ன சார் எழுதியிருக்கீய?"

சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"பட்டன அமுக்கத்தான் செஞ்சேன். நீல லைட்டு வாரதுக்குள்ள கரண்ட்டு போயிரும். தெனமும் அப்படித்தான். ஒருநாளாவது ரெண்டு மணிக்கு இங்க நின்னு பாத்திருக்கீயளா?"

பார்த்ததில்லை.

அன்று நின்றேன். இரண்டு மணிக்கு சைரன் அடித்தது. செல்வி இடத்தில் நின்ற பெண் ஸ்டாப் பட்டனை அழுத்தினாள். அதே நேரத்தில் எலக்ட்ரீஷியன் முனுசாமி அண்ணன் மெயின் ஹேண்டிலை இறக்கினார்.

டமார். மொத்த லைனும் செத்தது. நீல விளக்கு வரவேயில்லை.

"என்னண்ணே, கொஞ்சம் வெயிட் பண்ணக்கூடாதா?"

"இன்னா தம்பி பேசற? மணி அடிச்சா ஹேண்டில எறக்கணும், ஆபீஸ் ஆர்டரு. ரெண்டு பத்துக்கு பஸ்ஸு. அத்த வுட்டா வல்லக்கோட்டைக்கு நீ தூக்கினு போவியா?" சொல்லிக்கொண்டே வாசலுக்கு ஓடினார். அங்கிருந்து திரும்பி ஒரு சத்தம். "உன் பொட்டி அவ்ளோ சோம்பேறின்னா பொட்டிய மாத்து!"

எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். யார் கையிலோ இருந்த ஹேண்டிலுக்கு நான் செல்வியைக் குற்றவாளி ஆக்கியிருந்தேன். தப்பு எங்கே நடந்தாலும் அதைக் கீழே நிற்பவர் தலையில் கட்டும் இந்தப் பழக்கத்தைக் காலேஜிலேயே திட்டிப் பேசியவன் நான். வேலைக்கு வந்து முதலில் செய்ததே அதைத்தான்.

பெட்டியை ஷெட்டுக்குத் தூக்கி வந்து சிப்பை நேரடியாகப் படித்தேன். என் ஃபைல் சிஸ்டத்தில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் பக்கம் ஒன்றே ஒன்றுதான். ஷிஃப்ட் முடியும்போது அதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதும். மற்ற நாட்களில் மயிரிழையில் தப்பியிருக்கிறது; அன்று சரியாக அழித்ததற்கும் எழுதுவதற்கும் நடுவில் கரண்ட் போய்விட்டது. பெட்டிக்கு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். ரிசல்ட்டுகள் சிப்பில் அப்படியே இருந்தன, ஒவ்வொன்றிலும் நேரமும் செல்வியின் ஆபரேட்டர் நம்பரும்.

பிரிண்ட் எடுத்து முதலாளியிடம் நீட்டினேன்.

"நம்ம மேல நாமளே கம்ப்ளெயின்ட் எழுதிக்கணுமாடா?"

"ஆமா சார்."

தலையைச் சொறிந்தார். "சரி, பெட்டிய மாத்தித் தர்றோம்னும் சேத்து எழுது."

மறுநாள் சூப்பர்வைசர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரிம்மா, லைனுக்குப் போ" என்றார். ஸாரி சொல்லவில்லை. நான் சொன்னேன். செல்வி அதைக் காதில் வாங்காமல் தாளில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தா... பதினொண்ணே காலுக்கு ஒரு செவப்பு. தனியா எடுத்து வச்சேன்னு சூப்பர்வைசர்ட்ட நேத்தே சொன்னேன்லா!"

பிறகு புதிதாக எழுதினேன். பழைய பக்கத்தைத் தொடாமல், புதியதை வேறொரு காலி இடத்தில் எழுதும். முழுதாக எழுதி முடித்த பிறகுதான் கடைசியில் ஒரு அடையாளம் வைக்கும். கரண்ட் திரும்பியதும் அடையாளம் உள்ளதில் கடைசியானதைத் தேடி எடுத்துக்கொள்ளும். நடுவில் போனால் அரைகுறைதான் வீண், பழையது பத்திரம். காத்திருக்க வேண்டியதில்லை, நீல விளக்கையே கழற்றிவிட்டேன்.

சாப்பாட்டு இடைவேளைகளில்தான் டெஸ்ட். முனுசாமி அண்ணன் ஹேண்டிலை இறக்கி இறக்கி ஏற்றினார். "இன்னும் எத்தினி வாட்டிப்பா? கை வுட்டுப்போச்சு." செல்வி வந்து, "தள்ளுங்கண்ணே" என்று தானே இறக்கினாள். ஒவ்வொரு தடவையும் பெட்டி எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தது. அவளுக்கு ஒரே சிரிப்பு...

இப்போது சென்னையில் பெரிய ஆபீஸ். புதிதாக வந்தவர்கள் ரிப்போர்ட்டில் "யூசர் தப்பாக ஆஃப் செய்துவிட்டார்" என்று எழுதினால் அந்த வரியை அடித்துவிடுகிறேன். செல்வி மறைமலை நகரில் ஒரு பிளாண்டில் லைன் லீடர். பத்துப் பேரை வேலை வாங்குகிறாள். இன்னும் காண்ட்ராக்ட்தான். கேட்டால் அவள் சிரிக்கிறாள், எனக்குத்தான் எரிகிறது.

கரண்டை வெட்டி வெட்டி டெஸ்ட் செய்ய எங்கள் லேபில் ஒரு மெஷின் இருக்கிறது. அது ஆயிரம் தடவை வெட்டி, பாஸ் என்று சொல்லும். அதற்குப் பிறகும் நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரெண்டு பத்து பஸ் போய்விடும் என்ற அவசரத்தோடு மெயின் ஸ்விட்சை ஒரு தடவை இறக்குகிறேன்.

திரும்பப் போட்டால், எல்லாம் இருக்கிறது.